கோவை கணபதியில் ஒரு டீசல் பட்டறை: ஓவர்பூஸ்ட் கோளாறை அளந்து கண்டுபிடித்த விதம்

பொள்ளாச்சியில் வசிக்கும் நான், கணக்கு வேலைக்காக வாரம் ஒரு முறையாவது வால்பாறைக்கு ஏறி இறங்குபவன். என்னுடைய ஏழு இருக்கை டீசல் வண்டி 1,12,000 கிலோமீட்டர் ஓடியது, 2.2 லிட்டர் இன்ஜினும், வேக்குவத்தால் (காற்றை உறிஞ்சும் இழுவிசையால்) இயங்கும் ஆக்சுவேட்டர் பொருத்திய வேரியபிள் டர்போவும் (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கொண்டது. கடந்த கார்த்திகையில், ஆழியாறு சோதனைச் சாவடியைக் கடந்து, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையைத் தாண்டிய ஏற்றத்தில், வழிவிட்ட ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். வண்டி முதலில் வழக்கத்தை மீறிய உந்துதலுடன் பாய்ந்தது. அடுத்த நொடியே பின்னாலிருந்து யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் இழுவை முற்றிலும் அடங்கிவிட்டது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. மீதமிருந்த முப்பது சொச்சம் வளைவுகளையும் முதல் இரண்டு கியர்களிலேயே ஏறி முடித்தேன். வால்பாறையில் சாவியை அணைத்துத் திரும்பப் போட்டதும், எதுவுமே நடக்காததுபோல் வண்டி பழையபடி ஓடியது. அடுத்த வாரம் ஏறியபோது, கிட்டத்தட்ட அதே இடத்தில், மறுபடியும் அதே கதை.

முதலில் காட்டிய இடத்தில் ஸ்கேனரைச் செருகி, பி0234 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது கோடு, வந்திருப்பதாகவும், அது ஓவர்பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், அளவுக்கு மீறுவது) என்றும், டர்போ போய்விட்டது என்றும் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார்கள். புது டர்போவுக்கும் கூலிக்கும் சேர்த்து 82,000 ரூபாய் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பானெட்டைத் திறந்து ஒரு ஹோஸைக்கூட யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. டர்போ உண்மையிலேயே கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கெட்டது டர்போதான் என்பதை அந்தத் தாளில் எழுதியிருந்த எதுவும் காட்டவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு லாரி உரிமையாளர், கோவை சத்தி சாலையில் கணபதிக்கு அருகே உள்ள ஒரு சிறிய டீசல் பட்டறைக்குப் போகச் சொன்னார். இந்த மதிப்புரை அந்தப் பட்டறையைப் பற்றியது. ஒரு நாளில் இரண்டு வண்டிக்கு மேல் தம்மால் பார்க்க முடியாது என்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அதற்கு மதிப்பளித்துப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அவர் வேலை பார்த்த முறையை விரிவாகவே எழுதுகிறேன். இதே கோளாறுடன் எந்தப் பட்டறைக்குப் போகிறவருக்கும், அங்கே என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது பயன்படும்.

நாற்பது வயதைத் தொடும் அவர், ஸ்கேனரை எடுப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டார். “ஏனுங்கண்ணா, ரீமேப் ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா?” என்பது முதலாவது; கூடுதல் சக்திக்காக இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவதுதான் ரீமேப். இல்லை என்றேன். “கடைசியா இந்த வண்டில கை வெச்சது யாருங்க, எதுக்குங்க?” என்பது இரண்டாவது. மூன்று வாரங்களுக்கு முன் ஆயிலும் ஏர் ஃபில்டரும் மாற்றியதைச் சொன்னேன். அதைத் தம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, அடிக்கோடும் இட்டார். அந்த அடிக்கோட்டின் பொருள் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

அதன்பின் ஸ்கேனரைச் செருகி, கோட்டை அழிக்காமல், அது பதிவான கணத்தில் இன்ஜின் கணினி சேமித்து வைத்திருந்த அளவுகளை முதலில் எழுதிக்கொண்டார். 2,640 ஆர்பிஎம், மூன்றாவது கியருக்குரிய வேகம், கணினி கேட்ட அழுத்தம் 215 கிலோபாஸ்கல், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் உண்மையில் இருந்த அழுத்தம் 248 கிலோபாஸ்கல். இவை இரண்டும் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த முழு அளவுகள். முதலில் பார்த்த இடத்தில் இந்தப் பதிவைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கோட்டை அழித்துவிட்டால் பல வண்டிகளில் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும் என்பதால், வீட்டில் கோடு படிக்கும் சிறிய ஓபிடி அடாப்டர் வைத்திருப்பவர்கள் விளக்கு எரிந்தவுடன் கோட்டை அழிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கேட்டதைவிட 33 கிலோபாஸ்கல் கூடுதலாக இருப்பது சிறிய விஷயம் அன்று. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளை ஒட்டிச் சுழலக்கூடிய டர்போவின் ஷாஃப்ட், வடிவமைத்த எல்லையையும் தாண்டிச் சுழல நேரிடுகிறது. அதனால்தான் கணினி உடனே டீசலைக் குறைத்து வண்டியை லிம்ப் மோடுக்கு, அதாவது இழுவையைக் குறைத்து மெல்ல மட்டும் ஓடவிடும் நிலைக்கு, தள்ளுகிறது. மலையில் அது எனக்குத் தந்த பதற்றம் உண்மை. இன்ஜினைக் காப்பாற்றியதும் அதுவே.

ஆனால் அந்த 248 என்ற எண்ணே உண்மையா என்பதைத்தான் பட்டறைக்காரர் முதலில் சோதித்தார். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டும் அளவைப் பார்த்தார். இன்ஜின் ஓடாதபோது உள்ளே இருப்பதும் வெளிக்காற்றுதான். கடல் மட்டத்தில் அது ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். சுமார் 410 மீட்டர் உயரத்தில் உள்ள கோவையில் 96, 97 இருக்க வேண்டும். சென்சார் 97 காட்டியது. வெளிக்காற்றை அளக்கும் மற்றொரு சென்சாரும் 97 காட்டியது. அங்கே 110 என்று காட்டியிருந்தால், கோளாறு டர்போவில் இல்லை, பொய் சொல்லும் சென்சாரில்தான் என்று அப்போதே முடிவு செய்திருக்கலாம். அத்துடன் விடாமல், சென்சாரைக் கழற்றி அதன் மூக்கையும் பார்த்தார். எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வழியே வரும் புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அங்கே களிம்புபோல் அப்பியிருந்தது. துளை மட்டும் அடைபடவில்லை. துடைத்துத் திரும்ப மாட்டினார். இதற்கு மொத்தம் பத்து நிமிடம் ஆனது.

இந்த இடத்தில் இவ்வகை டர்போ வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். எக்ஸாஸ்ட் புகை டர்பைன் சக்கரத்தை அடையும் வழியில், வட்டமாகச் சிறு வேன்கள் (vane), அதாவது திரும்பக்கூடிய தகடுகள், நிற்கின்றன. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அவை மூடியபடி நின்று வழியைக் குறுக்க, புகை வேகமெடுத்துச் சக்கரத்தை அடித்துச் சுழற்றுகிறது. வேகம் கூடக் கூட அவை திறந்து வழிவிடுகின்றன. என் வண்டியில் வேக்குவம் ஆக்சுவேட்டரை இழுத்தால் அதன் ராடு மேலேறி வேன் மூடும், வேக்குவம் போனால் ஸ்பிரிங் அதைத் திறந்துவிடும். ஆகவே, வேக்குவம் ஹோஸ் கிழிந்தால் இந்த வண்டியில் பூஸ்ட் குறையுமே தவிர, கூடாது. அப்போது வரும் கோடு பி0299. மிகுதிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் விலக்கிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவை பூஸ்ட் அழுத்தமே தள்ளித் திறக்கும் சாதாரண டர்போவில் இது தலைகீழ்: அந்த ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸ் கிழிந்தால் வேஸ்ட்கேட் திறக்காமல் போய், அங்கே ஓவர்பூஸ்ட் வரும். ஒரே மாதிரியான கிழிசல் இரண்டு வண்டிகளில் எதிரெதிரான நோவைத் தருகிறது என்பதை அறியாமல், ஒரு வண்டியில் கற்ற வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்வதால்தான் நல்ல டர்போக்கள் பல கழற்றி வீசப்படுகின்றன என்று அவர் மனம் வருந்திச் சொன்னார். “கோடு சொல்றது என்ன நோவுன்னு மட்டுந்தானுங்கண்ணா. எங்கிருந்து வருதுன்னு நாமதான் தேடோணும்.”

அந்தத் தேடலுக்கு அவர் பயன்படுத்திய கருவிகள் மிக எளியவை: ஸ்கேனர், ஒரு வேக்குவம் கேஜ், டி வடிவ இணைப்பு ஒன்று, கையால் அமுக்கும் வேக்குவம் பம்பு. கேஜை ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸின் நடுவே இணைத்து, நீண்ட குழாய் வழியே வண்டிக்குள் கொண்டுவந்து, டேஷ்போர்டில் ஒட்டுநாடாவால் பொருத்தினார். சரவணம்பட்டி நெரிசலைத் தாண்டிக் கோவில்பாளையத்துக்கு அப்பால் சாலை காலியாக இருந்த இடத்தில் அவர் ஓட்ட, மடியில் ஸ்கேனரை வைத்தபடி பக்கத்தில் அவருடைய உதவியாளர் அமர்ந்திருந்தார். நான் பின் இருக்கையில் இருந்தேன். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினார். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் முதலில் ஒன்றாக ஏறின. 2,300-ஐத் தாண்டியதும் கிடைத்த அழுத்தம் மட்டும் தனியே மேலே போனது. அந்தக் கணத்தில் ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலினாய்டு வால்வுக்குக் கணினி அனுப்பும் கட்டளை அதன் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கிவிட்டது. அதாவது, வேக்குவத்தை விட்டுவிடு, வேனைத் திற என்று கணினி சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் டேஷ்போர்டில் இருந்த கேஜின் முள் 14 பாதரச அங்குலத்தில் நின்று, மிக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நான் என் கண்ணால் பார்த்த இந்த ஒரு காட்சிதான் இந்தப் பட்டறையின் மீது எனக்கு முழு நம்பிக்கையை ஏற்படுத்தியது. வேன் இறுகியிருந்து வேக்குவம் உடனே போயிருந்தால் முள் பூஜ்யத்துக்கு விழுந்திருக்கும். முள்ளே விழவில்லை என்றால், டர்போவைக் குறை சொல்வதற்கு முன் வேக்குவம் வெளியேறும் வழியைப் பார்த்தாக வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, சோலினாய்டு வால்வின் மின்இணைப்பைக் கழற்றினார். அப்போது வால்வு ஓய்வு நிலைக்கு வந்து, ஆக்சுவேட்டரில் இருக்கும் வேக்குவத்தை வெளிக்காற்றோடு சேர்த்துவிட வேண்டும். ராடு சட்டென்று இறங்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். ராடு இறங்கப் பத்து நொடிகள் ஆயின. வால்வின் மூன்றாவது வாயில் செருகியிருந்த மெல்லிய ஹோஸை அவர் விரலால் பிடுங்கியதும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டது. மறுபடி செய்து பார்த்தபோது ராடு ஒரே நொடியில் விழுந்தது. அந்த ஹோஸ் தூசியில்லாத காற்றை எடுப்பதற்காக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகிறது. அதைக் கையாலேயே தடவிக்கொண்டு போனவர், ஃபில்டர் பெட்டியின் பின்மூலைக்கு அடியில் நிறுத்தி, என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பெட்டியைத் திரும்ப வைத்தபோது அதன் கால் ஹோஸின் மேல் உட்கார்ந்து, அதை வாழைநாரைப்போல் தட்டையாக நசுக்கியிருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் ஏர் ஃபில்டரை மாற்றியபோது நடந்த பிசகு அது.

இந்த இடத்திலேயே ஹோஸை மாற்றி, வண்டியைக் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தால்கூட நான் மகிழ்ச்சியோடு போயிருப்பேன். அவர் போகவிடவில்லை. புது ஹோஸ் போட்டு மறுபடி அதே சாலையில் ஓட்டிப் பார்த்தபோது உச்ச அழுத்தம் 231-க்கு இறங்கியிருந்தது, கோடு வரவில்லை. ஆனாலும் கேட்ட அளவுக்கு வந்து சேர இரண்டு நொடிகள் எடுத்தது. நன்றாக இருக்கும் டர்போ இவ்வளவு நேரம் தடுமாறாது என்று சொல்லி, கைப் பம்பை ஆக்சுவேட்டரில் நேரடியாக மாட்டினார். 5 பாதரச அங்குலத்தில் ராடு நகரத் தொடங்கி, 18-ஐ ஒட்டி முழுதாக மேலே போனது. போகும்போது கடைசிப் பகுதியில் தயங்கியது, இறங்கும்போது நடுவில் ஒரு முறை நின்று இரண்டு தாவலில் விழுந்தது. பம்பை அமுக்காமல் வைத்திருந்தபோது முள் அசையாமல் நின்றதால் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ராம் சவ்வில் ஓட்டை இல்லை என்பதும் தெரிந்தது. வேன்களில் கரி பிடித்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. வாரம் ஒருநாள் மலை ஏறினாலும், மற்ற நாட்களில் பொள்ளாச்சி ஊருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டமாகவே என் வண்டி ஓடியிருக்கிறது. இன்ஜின் சூடாவதற்குள் அணைத்துவிடும் அத்தகைய ஓட்டத்தில்தான் கரி வேகமாகச் சேரும்.

மறுநாள் டர்போவைக் கழற்றினார்கள். எக்ஸாஸ்ட் பக்கத்துப் போல்ட் ஒன்று துருவில் இறுகி முறிந்துவிட்டது. அதைத் துளையிட்டு எடுப்பதிலேயே அரை நாள் போனது. டர்பைன் ஹவுசிங்கைப் பிரித்துக் காட்டியபோது, வேன்களை ஒருசேரத் திருப்பும் வளையத்தைச் சுற்றி, அடிப்பிடித்த பாத்திரத்தைப்போல் கரி உறைந்திருந்தது. ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்த்தார்; முன்பின் ஆட்டம் இல்லை, சக்கரத்தின் இறக்கைகள் எதிலும் உரசிய தடம் இல்லை. கரியை மருந்தில் ஊறவைத்துப் பித்தளைப் பிரஷ்ஷால் மட்டுமே தேய்த்தார்கள், உப்புத்தாள் போடவில்லை. ஹவுசிங் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதைப் பிரிக்கும் முன்பே பஞ்ச் உளியால் குறி போட்டுக்கொண்டார்கள். ராடின் நீளத்தையும், வேன் மூடும் எல்லையைத் தீர்மானிக்கும் ஸ்க்ரூவையும் யாரும் தொடவில்லை. அந்த ஸ்க்ரூவைத் திருகி ஓவர்பூஸ்ட்டைச் சரிசெய்து தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அது ஃபாக்டரியில் காற்றோட்டத்தை அளந்து வைத்த நிலை என்பதால், அதைத் திருகிய பின் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பது பட்டறையில் இயலாத காரியம். திரும்ப மாட்டியதும், ஆயில் லைனில் ஆயில் நிரப்பி, டீசல் இன்ஜெக்ட் ஆகாதபடி இணைப்பைத் துண்டித்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றிய பிறகே இன்ஜினை உயிர்ப்பித்தார்கள். புது டர்போ போட்டாலும் இதைச் செய்யாமல் விட்டால், முதல் சில நொடிகளிலேயே பேரிங் காய்ந்து தேய்ந்துவிடும்.

மூன்றாவது ஓட்டத்தில் உச்சம் 219; அரை நொடிக்குள் 215-க்கு வந்து நிலைத்தது.

கூலி விவரம் இது. அளந்து கண்டுபிடித்ததற்கு 2,500 ரூபாய், கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியதற்கு 9,000, கேஸ்கெட்டுகள், செம்பு வாஷர்கள், போல்ட், ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து 4,600, ஹோஸ் 120. ஆக மொத்தம் 16,220 ரூபாய். கண்டுபிடிப்பதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். இரண்டு பேர் முழுப் பிற்பகலையும் செலவிட்டு, மூன்று முறை சாலையில் ஓட்டிப் பார்த்த வேலைக்கு அது நியாயமான தொகை என்றே கருதுகிறேன். பாகத்தை விற்றால்தான் காசு என்ற நிலை இருக்கும் வரை, பாகத்தை மாற்றச் சொல்லும் ஆலோசனைதான் நமக்குக் கிடைக்கும்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமன்று. பட்டறை ஒரு குறுகிய சந்துக்குள் இருக்கிறது; பெரிய வண்டியைத் திருப்புவது சிரமம். வேலை நடக்கும்போது அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. மாலையில் தருவதாகச் சொன்ன வண்டி மறுநாள் நண்பகலில்தான் கிடைத்தது, போல்ட் முறிந்த செய்தியே நேரில் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பில்லைக் கையால் எழுதிக் கொடுத்தார். உத்தரவாதம் பற்றிக் கேட்டபோது ஆறு மாதம் என்று வாய்மொழியாகச் சொன்னாரே தவிர, நான் வற்புறுத்திய பிறகே அதை பில்லின் பின்புறம் எழுதினார். ஓட்டச் சோதனையின் அளவுகளை வாடிக்கையாளர் கேட்காமலேயே அச்சிட்டுத் தரும் வழக்கத்தையும் அவர் தொடங்க வேண்டும். அவ்வளவு நல்ல வேலைக்கு அதுவே சிறந்த சான்றிதழாக இருக்கும்.

மின்மோட்டாரால் இயங்கும் ஆக்சுவேட்டர் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவ்வகையில் ஆக்சுவேட்டரை மாற்றினாலோ கழற்றினாலோ, அதன் இரு எல்லைகளையும் கணினிக்குத் திரும்பக் கற்பிக்க வேண்டியிருக்கும். சில மாடல்களுக்கான மென்பொருள் தம்மிடம் இல்லை என்று அவரே சொல்லி, என் கண் முன்னால் ஒரு வண்டியை வேறு இடத்துக்கு அனுப்பிவைத்தார். தெரியாத வேலையை எடுத்துக்கொள்ளாத அந்த நேர்மையை நான் இந்தப் பட்டறையின் பலமாகவே கணக்கில் வைக்கிறேன்.

அதன்பின் வண்டி 2,800 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒன்பது முறை வால்பாறைக்கு ஏறியிருக்கிறேன், விளக்கு ஒருமுறையும் எரியவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லி, காசு வாங்காமல் மறுபடி ஓட்டிப் பார்த்தார், உச்சம் 218. கிளம்பும்போது பானெட்டைத் திறந்து, புது ஹோஸை ஃபில்டர் பெட்டிக்கு மேலாக எடுத்துச் சென்று இரண்டு கிளிப்புகளில் மாட்டியிருப்பதைக் காட்டினார். போன வாரம் பொள்ளாச்சியில் ஃபில்டரை மாற்றியபோது, பெட்டியின் பின்மூலைக்கு அடியில் நானே கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் பானெட்டை மூடச் சொன்னேன்.